பள்ளி மல்யுத்தம்: எடைக்கோட்டை எங்கே போடுவது?

(வாசகர் கேள்வி – பதில்)

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் எடைப் பிரிவுகளை மாற்றியது சரியா என்று கேட்டு, பிள்ளைகளை மல்யுத்த அணிக்கு அனுப்பும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் பாதி கோபமாகவும் மீதி குழப்பமாகவும் இருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பென்சில்வேனியாவில் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி மல்யுத்த அணியில் இருக்கிறான். ஓஹையோவில் வசிக்கும் என் அண்ணன் மகனும் மல்யுத்த வீரன்தான். விடுமுறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே 14 எடைப் பிரிவுகள், இங்கே 13 என்றும், எண்கள்கூட ஒத்துப்போகவில்லை என்றும் தெரிந்தது. ஒரே நாட்டில் ஒரே விளையாட்டுக்கு ஏன் இரண்டு கணக்கு?
— வாசகி, பென்சில்வேனியா

பதில்: அமெரிக்காவில் பள்ளி விளையாட்டை நடத்துவது மைய அரசு அன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒரு பள்ளி விளையாட்டுச் சங்கம் உண்டு, அந்தச் சங்கங்கள் சேர்ந்த தேசியக் கூட்டமைப்பு (என்.எஃப்.எச்.எஸ்.) இண்டியானாபோலிஸிலிருந்து விதிப் புத்தகத்தை வெளியிடுகிறது. நெடுங்காலம் அந்தப் புத்தகத்தில் ஆண் மாணவர்களுக்கு ஒரே எடைப் பட்டியல்தான் இருந்தது. 2023-24 பருவத்திலிருந்து கூட்டமைப்பு 12, 13, 14 பிரிவுகள் கொண்ட மூன்று பட்டியல்களைக் கொடுத்து, ஏதாவது ஒன்றை மாநிலங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. எடுத்தால் ஒன்றை முழுதாக எடுக்க வேண்டும். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று கலக்கக் கூடாது. அதற்கு முன்பே 13 பிரிவுகளுக்கு மாறிவிட்ட தங்கள் மாநிலம் 13-லேயே நின்றுகொண்டது. ஓஹையோ 14-ஐ எடுத்துக்கொண்டது.

பிரிவின் பெயராக இருக்கும் எண் அந்தப் பிரிவின் உச்சவரம்பு. ஓஹையோவில் 106, 113, 120, 126, 132, 138, 144, 150, 157, 165, 175, 190, 215, 285 பவுண்டு. தங்கள் மாநிலத்தில் 107, 114, 121, 127, 133, 139, 145, 152, 160, 172, 189, 215, 285. கிலோவில் நினைத்துப் பழகியவர்களுக்கு, 106 பவுண்டு என்பது ஏறக்குறைய 48 கிலோ, 285 என்பது 129 கிலோ. முதல் ஒன்பது எண்களைப் பார்த்தால் ஒன்று முதல் மூன்று பவுண்டு வேறுபாட்டுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். 160-க்கு மேலே போய்ப் பாருங்கள். சரியாக 165 பவுண்டு எடையுள்ள பையன் ஓஹையோவில் தன் பிரிவின் உச்சியில் நிற்கிறான். அவனைவிடக் கனமானவர் யாரும் அந்தப் பிரிவில் எதிரே வர முடியாது. அதே பையன் தங்கள் மாநிலத்துக்குக் குடிவந்தால் 172-ல் சேர்ந்து, தன்னைவிட ஏழு பவுண்டு அதிகமுள்ளவனோடு மோத வேண்டும். இல்லையென்றால் ஐந்து பவுண்டு குறைத்து 160-க்கு இறங்க வேண்டும். விவாதம் சூடாக இருப்பதற்கு அந்த ஐந்து பவுண்டுதான் காரணம். எல்லை தாண்டி இரு மாநிலப் பள்ளிகள் ஒரே போட்டியில் சந்திக்கும்போது யார் கணக்கைப் பின்பற்றுவது என்ற தலைவலி வேறு இருக்கிறது.

கேள்வி: நான் 1990-களில் மிச்சிகனில் 103 பவுண்டுப் பிரிவில் விளையாடியவன். அந்தப் பிரிவை 106 ஆக்கினார்கள். 12 பிரிவுப் பட்டியலிலோ தொடக்கமே 108 என்கிறார்கள். என்னைப் போன்ற சிறிய உடல்வாகுள்ள பையன்கள் இனி எங்கே போவது? யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?
— வாசகர், மிச்சிகன்

பதில்: தங்கள் வருத்தத்துக்கு முன்பே ஒரு வருத்தம் இருந்தது. 1988-க்கு முன் மிகக் கீழான பிரிவு 98 பவுண்டு. அது 103 ஆனபோது தங்களுக்கு மூத்தவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு பட்டியலை அடியிலிருந்து நுனிவரை திருத்தியது 2011-12 பருவத்தில்தான். பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம் நடத்தும் எடை மேலாண்மைக் கணினித் திட்டத்தில் பதிவாகியிருந்த ஏறக்குறைய 2,00,000 மாணவர்களின் எடைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் கிட்டத்தட்ட 7 சதவீதம் பேர் இருக்கும்படி கோடுகளைப் போட்டார்கள். பதினான்கு ஏழு தொண்ணூற்றெட்டு. கணக்கு அழகாக வருகிறது. அந்தத் திருத்தத்தில்தான் 103 என்பது 106 ஆயிற்று. 125, 130, 135, 140, 145 என்று ஐந்தைந்து பவுண்டாக நெருக்கமாக இருந்த நடுப்பகுதியில் ஒரு பிரிவு காணாமல் போய், 171, 189, 215 என்றிருந்த மேற்பகுதி 170, 182, 195, 220 என்று விரிந்தது.

பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பள்ளியில் மல்யுத்தம் கற்க வருபவர்களில் நல்ல வீரர்கள் பெரும்பாலும் நடு எடையில்தான் குவிந்திருக்கிறார்கள், அங்கே இடத்தைக் குறைத்துவிட்டு ஆளே கிடைக்காத மேல் எடையில் இடத்தைக் கூட்டினால் எப்படி என்று பயிற்சியாளர்கள் கேட்டார்கள். 2023-ல் வந்த 14 பிரிவுப் பட்டியலில் 145, 152, 160, 170 என்பவை 144, 150, 157, 165 என இறங்கியதும், 182, 195, 220 என்பவை 175, 190, 215 ஆனதும் ஒரு வகையில் அந்தக் குறைக்குப் பதில் என்றே படுகிறது. இவற்றில் 157, 165 ஆகிய இரண்டும் கல்லூரி மல்யுத்தத்திலும் அப்படியே இருப்பவை.

புள்ளிவிவரத்தை வைத்துக் கோடு போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆளுக்கொரு கருத்தை வைத்துப் போடுவதைவிட அது மேல். ஆனால் அந்த விவரத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே மல்யுத்தத்தில் சேர்ந்துவிட்டவர்களின் எடைதான் அங்கே பதிவாகிறது. 92 பவுண்டு எடையோடு ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பையன், முதல் நாள் பயிற்சிக்கு வந்து, தனக்கு மிகக் கீழான பிரிவே 106 என்று கேட்டு, தன்னைவிடப் பதினான்கு பவுண்டு அதிகமுள்ளவன் தன் முதுகில் விழுவதை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டால், அடுத்த திருத்தத்துக்கான கணக்கில் அவன் இருக்க மாட்டான். குறைந்த எடையில் ஆட்கள் குறைவு என்று விவரம் சொல்லும். அதை வைத்துக் கோடு இன்னும் மேலே போகும். அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் உயரமும் பருமனும் கேட்கிற விளையாட்டுகள். சிறிய உடல்வாகுள்ள பையனுக்கும் பள்ளியின் பெயர் பொறித்த சீருடையை அணியும் வாய்ப்பைத் தருகிறது என்பதே மல்யுத்தத்தின் தனிப்பெருமை என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமை கீழ்ப்பிரிவுகளை நம்பியே இருக்கிறது. நியூ யார்க் மாநிலம் 2011-க்குப் பிறகு சில ஆண்டுகள் தேசியப் பட்டியலுக்கும் கீழே 99 பவுண்டுப் பிரிவு ஒன்றைத் தனியாக வைத்திருந்தது. அது நல்ல முன்மாதிரி என்பது என் கருத்து.

கேள்வி: சிறிய ஊர்ப் பள்ளி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். மொத்தமே ஒன்பது பையன்கள். 14 பிரிவுகளில் ஐந்து காலி. டூயல் போட்டிக்குப் போகும்போதே தோற்றுவிட்டுத்தான் பேருந்தில் ஏறுகிறோம். 12 பிரிவுகள் என்று ஆக்குவதை எதிர்ப்பவர்கள் எங்கள் நிலையை யோசிக்கிறார்களா?
— வாசகர், கேன்சஸ்

பதில்: தாங்கள் சொல்வது மிகையில்லை என்பதை மற்ற வாசகர்களுக்குக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். இரு பள்ளிகள் பிரிவுக்கு ஒருவராக நேருக்கு நேர் மோதும் டூயல் போட்டியில், எதிரே நிறுத்த ஆளில்லாத ஒவ்வொரு பிரிவுக்கும் (செய்தித்தாள் மொழியில் வாக்ஓவர்) எதிரணிக்கு 6 புள்ளிகள் போய்விடும். எதிராளியின் தோள்களைப் பாயில் பதித்து வெல்பவனுக்கும் அதே 6 புள்ளிகள்தான். புள்ளிக் கணக்கில் சாதாரணமாக வெல்பவனுக்கு 3. தங்கள் அணி ஐந்து பிரிவுகளைக் காலியாக விட்டால் 30 புள்ளிகள் கையைவிட்டுப் போகின்றன. மீதி ஒன்பது பையன்களும் பாயில் இறங்கி, ஒன்பது பேருமே புள்ளிக் கணக்கில் வென்றாலும் கிடைப்பது 27. களத்தில் ஒருவர்கூடத் தோற்காத அணி போட்டியில் தோற்கிறது. அதே ஒன்பது பேர் 12 பிரிவுப் பட்டியலில் ஒன்பது இடங்களில் அமைந்தால் காலி மூன்று. 27-க்கு 18 என்று வெற்றி.

ஆனால் அந்த ‘அமைந்தால்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பிரிவுகள் குறையக் குறைய ஒரே பிரிவில் இரண்டு பேர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். 14 பிரிவுப் பட்டியலில் 126-லும் 132-லும் தனித்தனியே நிற்கும் இருவர், 12 பிரிவுப் பட்டியலில் 124-க்கும் 131-க்கும் அருகே தடுமாறி, ஒருவன் பட்டினி கிடந்து ஒரு பவுண்டையோ இரண்டு பவுண்டையோ இறக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் ஏற வேண்டிவரும். ஏற்றுவதிலும் வரம்பு உண்டு: எடை பார்க்கும்போது எந்தப் பிரிவுக்குத் தகுதி பெறுகிறானோ அதற்கு அடுத்த ஒரு பிரிவு வரைதான் ஏற்றலாம். காலியிடத்தை நிரப்ப 120 பவுண்டுப் பையனை 144-ல் கொண்டுபோய் நிறுத்த முடியாது, நிறுத்தக் கூடாது.

நான் யார் பக்கம் என்று கேட்டால், தயக்கத்தோடு 14-இன் பக்கம்தான். வாக்ஓவர் பார்ப்பதற்கு அசிங்கமானது. பார்வையாளர் அரங்கில் உட்கார்ந்து, நடுவர் ஒரே பையனின் கையை மட்டும் உயர்த்திவிட்டு அனுப்புவதை ஐந்து முறை பார்ப்பது சலிப்பான வேலை. ஆனால் காலியிடம் அடுத்த ஆண்டு நிரம்பலாம். எடுத்துவிட்ட பிரிவு திரும்பி வருவதில்லை. பெரிய பள்ளியில் அந்தப் பிரிவுக்காகவே மூன்று ஆண்டுகள் ஜூனியர் வார்சிட்டியில் (பள்ளியின் இரண்டாம் நிலை அணியில்) காத்திருந்த பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இடமே இல்லை என்று ஆகிவிடுகிறது; மாநிலப் போட்டியின் மேடையிலும் இரண்டு சாம்பியன்கள் குறைகிறார்கள். தங்கள் அணிக்கு உண்மையில் உதவக்கூடியது, டூயல் போட்டியில் வாக்ஓவருக்குக் கொடுக்கும் 6 புள்ளிகளைக் குறைப்பது. மோதாமலே கிடைக்கும் வெற்றிக்கும் எதிராளியை மல்லாத்திப் பெறும் வெற்றிக்கும் ஒரே விலை என்பது எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை. தங்கள் மாநிலச் சங்கத்துக்கு எழுதுவதாக இருந்தால் பிரிவு எண்ணிக்கையைவிட அதைப் பற்றி எழுதுங்கள்.

கேள்வி: என் மகன் 150 பவுண்டு இருக்கிறான். 138-க்கு இறங்கினால் வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) இடம் உறுதி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரவில் தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, எடைக்கருவியில் காலுறையைக் கழற்றிவிட்டு ஒரு முறை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஏறி நிற்கிறான். முடியை ஒட்ட வெட்டினால் எவ்வளவு குறையும் என்று நேற்றுக் கேட்டான். பிரிவுகளைக் கூட்டினால் இந்தக் கொடுமை நிற்குமா?
— வாசகி, டெக்சாஸ்

பதில்: நிற்காது. ஆறு பவுண்டுக்கு ஒரு கோடு இருந்தாலும் மூன்று பவுண்டுக்கு ஒரு கோடு இருந்தாலும், ஒரு கோடு கீழே போனால் நல்லது என்று நினைக்கும் பையன் இருக்கத்தான் செய்வான். எடைக் குறைப்பை அடக்குவதற்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது. தங்கள் மகனைப் பொறுத்தவரை அதுவே முக்கியம்.

1997-இன் இறுதியில், ஐந்து வாரங்களுக்குள், மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் என மூன்று வெவ்வேறு மாநிலங்கள். ஆனால் செய்தது ஒன்றுதான்: வியர்வை வெளியேற வழியில்லாத உடையை அணிந்துகொண்டு வெப்பமான அறையில் உடற்பயிற்சி. அதன் பிறகு கல்லூரிகளில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. பள்ளி அளவில் விஸ்கான்சின் மாநிலம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குறைந்தபட்ச எடைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2006-07 பருவத்திலிருந்து கூட்டமைப்பு அத்தகைய திட்டத்தை எல்லா மாநிலங்களுக்கும் விதியாக்கிற்று. பருவத் தொடக்கத்தில் முதலில் சிறுநீரைச் சோதித்து, உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட சிறுநீரின் அடர்த்தி) 1.025-க்கு மேல் இருந்தால் அன்று அளக்கவே மாட்டார்கள். அதன் பின் உடல் கொழுப்பை அளந்து, ஆண் பிள்ளைகளுக்கு 7 சதவீதத்துக்கும் பெண் பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகாதபடி அந்தப் பருவத்துக்கான குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.

தங்கள் மகனின் கொழுப்பு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 150-ல் 18 பவுண்டு கொழுப்பு, மீதி 132. அந்த 132 பவுண்டு உடலில் 93 சதவீதமாக இருக்க வேண்டுமானால் மொத்த எடை ஏறக்குறைய 142. ஆகவே அவன் 144-ல் விளையாடலாம். 138-ல் விளையாட விதியே இடம் தராது. 144-க்கும் வாரத்துக்கு இரண்டே கால் பவுண்டு வீதம் இறங்க மூன்றாவது வாரம் ஆகும்; ஒரே இரவில் இறங்கக் கூடாது. பயிற்சியாளரிடம் மகனின் அளவீட்டுச் சான்றையும் வாரவாரியான இறக்க அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றைப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. யார் 138 என்று சொன்னார்களோ அவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

விதியில் ஓட்டை இல்லாமல் இல்லை. சிறுநீர்ச் சோதனை அந்த அளவீட்டின்போது மட்டும்தான். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் கிடையாது. எனவே குறைந்தபட்ச எடைக்கு மேலே இருந்துகொண்டே தண்ணீரை நிறுத்தி இரண்டு பவுண்டு இறக்குவதை யாரும் கண்டுபிடிப்பதில்லை. டூயல் போட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும் பெரிய போட்டிகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் எடை பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பது, வற்றிய உடலை மறுபடி நிரப்ப நேரம் கொடுக்காமல் அந்தத் தந்திரத்தைப் பயனற்றதாக்கத்தான். தண்ணீர் குடிக்காமல் படுக்கும் பையனை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்; அதற்குப் பருவம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 100 கிராமுக்காக வெளியேற்றப்பட்டாரே, பள்ளிப் போட்டியிலும் அவ்வளவு கடுமையா?
— வாசகர், இல்லினாய்

பதில்: கோட்டைப் பொறுத்தவரை ஆம்; 100 கிராம் என்பது கால் பவுண்டுக்கும் குறைவு, ஆனாலும் தாண்டினால் தாண்டியதுதான். விளைவு அவ்வளவு கடுமையில்லை. அடுத்தடுத்த நாள்களில் போட்டி நடந்தால் பள்ளி விதி ஒரு பவுண்டு சலுகை தருகிறது. 2024-இல் வினேஷுக்கு இரண்டாம் நாள் அந்தச் சலுகை இருந்திருந்தால் இறுதிப் போட்டியில் நின்றிருப்பார். டூயல் போட்டியில் பிரிவைத் தவறவிட்ட பையனை அடுத்த பிரிவில் இறக்கவும் வழியுண்டு, அங்கே இடம் இருந்தால்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கும் இதே பட்டியல்தானா? என் மகள் சேர விரும்புகிறாள்.
— வாசகி, ஹவாய்

பதில்: இல்லை, தனிப் பட்டியல். தாங்கள் இருக்கும் மாநிலம்தான் 1998-இல் பெண்களுக்கென்று மாநிலப் போட்டியை முதன்முதலாக நடத்தியது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 2023-24-இல் நாடு முழுவதும் 64,000-க்கும் மேற்பட்ட மாணவிகள் பள்ளி மல்யுத்தத்தில் இருந்தார்கள். கூட்டமைப்பின் 14 பிரிவுப் பட்டியல் பெண்களுக்கு 100-ல் தொடங்கி 145 வரை ஐந்தைந்து பவுண்டாகவும், பின்பு 155, 170, 190, 235 என்றும் போகிறது. புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணிகளில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள் என்பதால் வாக்ஓவர் சிக்கல் அங்கே இன்னும் பெரிது. 12, 13 பிரிவுப் பட்டியல்களுக்கு அங்கே அதிக நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: என் தம்பி மகன் 220 பவுண்டு. முன்பு 220 பிரிவு இருந்தது, இப்போது 215-க்குப் பிறகு நேரே 285. குறைப்பதா, ஏறுவதா?
— வாசகர், அயோவா

பதில்: கடிதங்கள் எல்லாம் கீழ்ப்பிரிவையும் நடுப்பிரிவையும் பற்றியே வந்துகொண்டிருக்க, யாரும் கேட்காத இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லா இடங்களிலும் ஆறு, ஏழு, பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபத்தாறு என்று இருக்கும் இடைவெளி இங்கே மட்டும் 70 பவுண்டு. ஏறக்குறைய 32 கிலோ. மூன்று பட்டியல்களிலும் இது அப்படியே இருக்கிறது. 14 பிரிவுகளில் ஒன்றை எங்காவது நகர்த்த முடியுமானால் இந்தப் பள்ளத்தின் நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்; ஆள் கிடைக்காது என்பார்கள். 240 பவுண்டுக் கால்பந்து வீரன் 280 பவுண்டுக்காரனோடு மோத வேண்டுமே என்று பயந்து வராமல் இருப்பதும் அந்த ‘ஆள் கிடைக்காது’ என்பதற்குள் அடக்கம்.

அவனுடைய கொழுப்பு 16 சதவீதம் அளவில் இருந்தால் குறைந்தபட்ச எடை 199 பவுண்டுக்கு அருகில் வரும். ஆகவே 215 தாராளமாக விதிக்குள் அடங்கும். வாரத்துக்கு 3.3 பவுண்டு வரை அனுமதி என்பதால் ஐந்து பவுண்டுக்கு இரண்டு வாரம் போதும், அதுவும் உணவைச் சீர்செய்தாலே. ஆனால் அவன் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்காரனாக இருந்து இன்னும் உயரம் போட்டுக்கொண்டிருந்தால், பருவத்தின் பாதியில் 215 அவனுக்கு இறுக்கமாகிவிடும். பருவத்தின் நடுவே வளர்ச்சிக்காக இரண்டு பவுண்டு சலுகை தங்கள் மாநிலத்தில் உண்டா, எந்தத் தேதியிலிருந்து என்று பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.